ஆயில் வெளுத்தால் வண்டி ஓடக்கூடாது
(போடி வட்டார ஜீப் ஓட்டுனர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் நெருங்கிவிட்டது. பொழுது விடியுமுன் போடியிலும் கம்பத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் தூக்குவாளியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகிறவர்கள் நீங்கள். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் உங்கள் வேலை ஆரம்பமாகிறது. அதற்கப்புறம் செம்மண் சேறு, பாறை, குறுக்கே ஓடும் ஓடை. அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் இல்லாமல் ஒரு மூட்டை ஏலக்காய் கீழே இறங்காது.

இந்த வண்டியின் மேல்பாகம் நனைந்தால் வெயில் காய்ந்ததும் சரியாகிவிடும். அடிப்பாகத்தில் தண்ணீர் புகுந்தால் வெயில் அதைத் தொடாது. அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் நமக்கும் பங்கு உண்டு.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பட்டறையில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓர் ஓட்டுனர் தோட்டத்து ஓடையைக் கடக்கும்போது நடு ஓடையில் வண்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆக்ஸில் முழுதும் தண்ணீருக்குள் கிடந்தது. மறுநாள் வண்டி பட்டறைக்கு வந்தது. பின் ஆக்ஸிலின் ஆயில் நட்டைத் திறந்தோம். பால் அதிகமாகிப்போன காப்பி போல ஆயில் வழிந்தது. முதலாளிக்குச் சொன்னோம். "சீசன் முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கலாம்" என்றார். ஓட்டுனர் தலையைக் குனிந்துகொண்டார். நாம் என்ன செய்தோம்? வாய் திறக்காமல் நட்டைத் திருப்பிப் பூட்டினோம்.

மூன்று வாரம் கழியவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில் பின் பேரிங் நொறுங்கி, அதன் துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே சிக்கியது. பின் சக்கரங்கள் இரண்டும் அப்படியே பூட்டிக்கொண்டன. வண்டி இழுத்துக்கொண்டு போய் மலைப்பக்கத்து வாய்க்காலில் மோதி நின்றது. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இன்று இந்தக் கதையைச் சொல்ல ஓட்டுனரும் இருந்திருக்கமாட்டார். ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. மூன்று மாதம் கூலி இல்லை. கிரவுன் பினியன் வாங்கிய பணமோ மாதாமாதம் ஓட்டுனர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த நட்டை மூடிய கை நம்முடைய கை. அதனால்தான் இந்த விஷயத்தைக் கூட்டம் கூட்டிப் பேசுகிறோம்.

முதலில், தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ஆக்ஸிலை மூடியிருக்கும் ஆயில் சீல், உள்ளே இருக்கிற ஆயில் வெளியே வராமல் தடுக்கச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருவதைத் தடுப்பதில் அதற்கு அவ்வளவு திறமை போதாது. மலை ஏறி வந்த ஆக்ஸில் கொதிக்கிறது. உள்ளே காற்றும் சூடாகி விரிந்திருக்கிறது. அந்தச் சூட்டோடு குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப ஏதோ ஒன்று உள்ளே வந்தாக வேண்டும். காற்று வருவதற்கென்று ஆக்ஸிலின் மேலே பிரீத்தர் என்ற சிறு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். சேறு அடைத்து அது கெட்டியாகிவிட்டால் காற்றுக்கு வழியில்லை. சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிரீத்தர் திறந்திருந்து அது தண்ணீருக்குள் முழுகினாலோ அதன் வழியாகவே தண்ணீர் போகிறது.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது?

கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. பற்களுக்கு நடுவே மெல்லிய ஆயில் படலம் இருப்பதால்தான் இரும்பு இரும்பைத் தின்னாமல் இருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலால் அந்தப் படலத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. வண்டி நின்றிருக்கும் இரவிலோ, பேரிங் உருளைகளில் துரு பிடித்து ஊசி முனை அளவு குழி விழுகிறது. குழியிலிருந்து செதில் பெயர்கிறது. செதில் ஆயிலில் சுற்றி அடுத்த பேரிங்கைக் கெடுக்கிறது. முதலில் லேசான ஊளைச் சத்தம், பிறகு உறுமல், பிறகு உடைசல். ஊளை கேட்கும்போது பாதிக் காரியம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, வண்டி தண்ணீரில் முழுகிவிட்டது. என்ன செய்வது?

முதலாவது, அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செல்ப் அடித்த மாத்திரத்தில் கனெக்டிங் ராடு வளையும். அது தனிக் கதை. கயிறு கட்டி இழுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இழுத்தாலும் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் கிரவுன் பினியனும் சுழலும். முடிந்தால் நின்ற இடத்திலேயே ஆயிலை மாற்றுங்கள். முடியாவிட்டால் லாரியில் ஏற்றுங்கள்.

இரண்டாவது, சோதனை. வண்டியைச் சம தரையில் நிறுத்தி, மேல் நட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் துளையின் விளிம்பு வரை நிற்பதுதான் சரியான அளவு. திறந்ததும் தானாக வழிந்தால் உள்ளே வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஓடாமல் ஓர் இரவு நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கி, ஆயில் மேலே மிதக்கும். அடி நட்டைத் தளர்த்தினால் முதலில் வெறும் தண்ணீர் சொட்டும். ஓடியிருந்தால் இரண்டும் கடைந்த மோர் போல வெளுத்திருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நெருநெருவென்றால் மண், மின்னினால் இரும்பு. இரும்புத் துண்டு கண்டால் ஆயில் மாற்றி அனுப்புகிற பேச்சே கூடாது, திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பின் ஆக்ஸில், முன் ஆக்ஸில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் ஆகிய நான்கையும் திறந்து பார்க்க வேண்டும். முன் ஆக்ஸில் சும்மாதானே சுற்றுகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்றத்தில் போர் வீல் போட்டதும் அது பழி வாங்கும்.

நான்காவது, கழுவும் முறை. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி அலசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது மூலைமுடுக்கில் தங்கி, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். சேறு நிறைய இருந்து வேறு வழியில்லை என்றால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் மட்டும் சுற்றி, வடித்து, நன்றாக உலரவிட வேண்டும். அதோடு ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. இதைவிட நல்ல வழி, புது ஆயிலை ஊற்றிச் சில கிலோமீட்டர் காலி வண்டியாக மெதுவாக ஓட்டி, சூட்டோடு வடித்துவிடுவது. மறுபடி ஊற்றுங்கள். வடிகிற ஆயிலில் வெளுப்பு இல்லாத வரை இதைச் செய்ய வேண்டும். இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை ஆகும். ஆயில் செலவு என்று முகம் சுளிப்பவர்களிடம் கிரவுன் பினியன் விலையைச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்? கம்பெனிப் புத்தகம் சொல்கிற ஆயில். கிரவுன் பினியனுக்குரிய ஜி.எல்.-5 ரக ஆயிலைக் கியர் பாக்ஸிலும் ஊற்றினால், சில கியர் பாக்ஸ்களில் உள்ள பித்தளை வளையங்களை அது அரித்துவிடும்.

ஐந்தாவது, சக்கர பேரிங். ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் வெண்ணெய் போல வெளுத்திருக்கும். அதன்மேல் புது கிரீஸை அப்புவது புண்ணின்மேல் பவுடர் போடுவது. பழையதை முழுதும் கழுவி, உலர்த்தி, உருளைகளையும் கிண்ணத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் குழி தட்டினால் மாற்றிவிடுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்று மெஷினில் விர்ரென்று சுழற்றுவது இளைஞர்களுக்கு விளையாட்டு. ஆயில் இல்லாத பேரிங் அதிலேயே கெட்டுவிடும். சீல் புதிதாகப் போடுங்கள். பிராப்பல்லர் ஷாப்டின் கிராஸில், நான்கு கிண்ணத்திலிருந்தும் பழைய கிரீஸ் வெளியேறிப் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை கன்னில் அடியுங்கள்.

ஆறாவது, கிளட்சும் பிரேக்கும். நனைந்த வண்டியைப் பல நாள் அப்படியே போட்டால் கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள துளையைக் குத்திவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். பிரேக் டிரம்களைத் திறந்து சேற்றைக் கழுவுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். மலை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். முழுகிய வண்டிக்கு அதையும் மாற்றியே தீரவேண்டும்.

இனி, வருமுன் காக்கும் வேலை. பிரீத்தரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பாடியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். சில ரூபாய்க் குழாய். அரை மணி வேலை. ஓடைக்கு முன் கொஞ்சம் நின்று ஆக்ஸிலைச் சூடாறவிடுங்கள். இறங்கி, கம்பு விட்டு ஆழம் பாருங்கள். தண்ணீர் ஹப்புக்கு மேலே என்றால் யோசியுங்கள். வேகமாக ஓடும் செந்தண்ணீர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நின்றுவிடுங்கள். 2018 ஆகஸ்டில், செறுதோணி அணையின் மதகுகளை 26 ஆண்டுக்குப் பிறகு திறந்த அந்த மழையை நீங்கள் பார்த்தவர்கள்தானே! கடப்பதானால் லோ கியரில், ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் கடக்க வேண்டும். கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்துச் சிறிது தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள். அன்று மாலையே ஆயிலைப் பாருங்கள்.

கடைசியாக, அந்த ஓட்டுனரின் சம்பளத்துக்கு வருவோம். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும். அவருடைய சமாதானத்தைக் கேட்காமல் பிடிக்கவும் கூடாது. 1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இந்த விதி இருந்தது. 2019-ல் நிறைவேறிய சம்பளச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அன்று அவர் கையில் அத்தாட்சி எதுவும் இல்லை. ஆகையால் ஒரு 10 ரூபாய் நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி ஓடையில் முழுகியது, எப்போது திறந்து பார்த்தோம், ஆயில் என்ன நிறம், முதலாளியிடம் எப்போது சொன்னோம் என்று எழுதுங்கள். பட்டறைத் தொழிலாளி பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். ஓட்டுனர் பயந்தால் பட்டறைத் தொழிலாளி பேசட்டும். பட்டறைத் தொழிலாளி தயங்கினால் ஓட்டுனர் பேசட்டும். அன்று இருவரும் சேர்ந்து மௌனமாக இருந்தோம். அதன் விலையை ஓர் அம்மாவின் கை கொடுத்தது.

ஆயில் வெளுத்திருந்தால் அந்த வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. சீசன் இருந்தாலும், அவசரம் இருந்தாலும், யார் சொன்னாலும் ஏற்றக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நட்டைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாளைக் காலை வண்டி எடுக்குமுன் உங்கள் பிரீத்தர் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அந்த வேலையிலிருந்து ஆரம்பிப்போம்.