எபிசோடு 41: வேகம் தாங்காம நின்னுபோன புரோகிராம்

இன்னிக்குக் கொஞ்சம் வீட்டுக் கதை. ஆனா லினக்ஸ் இருக்கு, டெர்மினல் இருக்கு, பயப்படாதீங்க.

எங்க அப்பாவுக்கு விருதுநகர்ல பருப்பு கமிஷன் மண்டி. 1995-ல சித்தப்பா, அப்போ அவருக்கு என்னைவிட சின்ன வயசு, மண்டிக் கணக்குக்காக ஒரு புரோகிராம் எழுதினார். டர்போ பாஸ்கல் 7. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு 386 கம்ப்யூட்டர். யாருக்கு எத்தனை மூட்டை போச்சு, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எல்லாம் அதுல. நாலு வருஷம் நல்லா ஓடிச்சு. அந்த நம்பிக்கையில அப்பா பேரேடு எழுதறதையே நிறுத்திட்டார்.

2000-ல அந்த 386 செத்துப்போச்சு. அப்பா புதுசா ஒரு பென்டியம் 3 வாங்கினார். ஃபிளாப்பியில இருந்த புரோகிராமைப் போட்டு ஓட்டினா, மெனுவே வரல. "ரன்டைம் எரர் 200"னு ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

அது மார்ச் மாசம். கணக்கு முடிக்கிற நேரம். பாக்கி லிஸ்ட் உள்ள மாட்டிக்கிச்சு. சில பேர் "நான்தான் கொடுத்துட்டேனே"ன்னு சொன்னாங்க, அப்பாகிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. கடைப் பையன்கள் முன்னாடி அவர் சித்தப்பாவைப் பார்த்து என்ன சொன்னார்னு எனக்கு முழுசாத் தெரியாது. நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ்கூட போகல. ஆனா அதுக்கப்புறம் சித்தப்பா ஒரு வரி கோடுகூட எழுதல. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆயிட்டார். கல்யாணம், காதுகுத்துன்னா ரெண்டு பேரும் பேசிப்பாங்க. மத்தபடி இல்ல.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ பீரோவுல அந்த ஃபிளாப்பி கிடைச்சது. லேபிள்ல சித்தப்பா கையெழுத்து. இனிமேதான் நம்ம ஷோ ஆரம்பிக்குது.

முதல் விஷயம். பழைய ஃபிளாப்பி கையில கிடைச்சா உடனே திறந்து பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அது கொஞ்சம் தேயும். மூலையில இருக்கிற சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி எழுத முடியாதபடி பூட்டுங்க. அப்புறம் ஒரு யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ். லினக்ஸ்ல செருகினா சாதாரண டிஸ்க் மாதிரியே தெரியும். 'எல்எஸ்பிஎல்கே' போட்டு அது எந்தப் பேர்ல வந்திருக்குன்னு ரெண்டு தடவை பார்த்துக்கோங்க. இந்த இடத்துல அவசரப்பட்டு சொந்த ஹார்ட் டிஸ்கை அழிச்சவங்க எனக்கே ரெண்டு பேர் தெரியும்.

'டிடிரெஸ்க்யூ'ன்னு ஒரு கருவி. டெபியன், உபுண்டுல பேக்கேஜ் பேர் 'ஜிடிடிரெஸ்க்யூ', முன்னாடி ஒரு ஜி. அது முதல்ல சுலபமா வர்றதை எல்லாம் எடுத்துக்கும், கெட்டுப்போன இடத்துக்கு அப்புறம் திரும்பி வரும். எங்கே விட்டோம்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். 1.44 எம்பி ஃபிளாப்பியில 2,880 செக்டார், ஒவ்வொண்ணும் 512 பைட். எனக்கு ரெண்டே ரெண்டு செக்டார் வரல. உள்ளே ரெண்டு ஃபைல்: ஒரு இஎக்ஸ்இ, ஒரு டேட்டா ஃபைல். சோர்ஸ் கோடு இல்ல.

அடுத்து நான் பண்ண தப்பு. வேலையில தினமும் கெமு பழகின கை. கெமுவுல ஒரு விர்ச்சுவல் மெஷின், கேவிஎம் ஆன், உள்ளே ஃப்ரீடாஸ். பத்து நிமிஷ வேலை. இஎக்ஸ்இ-யை ஓட்டினேன்.

ரன்டைம் எரர் 200.

இருபத்தி அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அப்பா பார்த்த அதே வரி. உண்மையச் சொல்றேன், எனக்கும் ஒரு நிமிஷம் "சித்தப்பா சொதப்பிட்டார்போல"ன்னுதான் தோணிச்சு.

பாஸ்கல் மேனுவல்ல 200-ன்னா பூஜ்யத்தால வகுத்தல். சித்தப்பா ரெண்டு ராத்திரி உட்கார்ந்து, கோடுல எங்கெங்க வகுத்தல் இருக்கோ எல்லாத்தையும் தேடியிருக்கார். வட்டிக் கணக்கு, மூட்டைக் கணக்கு, எல்லாம் சரியா இருந்திருக்கு. கிடைக்காது. ஏன்னா அவர் எழுதின முதல் வரி ஓடறதுக்கு முன்னாடியே புரோகிராம் விழுந்துடுது.

டர்போ பாஸ்கல்ல கலர் எழுத்து, சத்தம், சின்னக் காத்திருப்பு இதெல்லாம் வேணும்னா 'சிஆர்டி'ன்னு ஒரு யூனிட்டைச் சேர்க்கணும். எல்லாரும் சேர்ப்பாங்க. அந்த யூனிட் ஆரம்பத்துலயே ஒரு வேலை செய்யும். கம்ப்யூட்டரோட கடிகாரம் ஒரு தட்டு தட்ட சுமார் 55 மில்லிசெகண்ட் ஆகும். அதுக்குள்ள ஒரு வெத்து லூப்பை எத்தனை தடவை சுத்த முடியுதுன்னு எண்ணும். அதை 55-ஆல வகுத்தா ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை சுத்துன்னு வந்துடும். காத்திருப்பை அளக்க அதுதான் அளவுகோல். விடை போய் உட்கார்ற டப்பா 16 பிட். அதிகபட்சம் 65,535.

1992-ல இதை எழுதினவங்களுக்கு அது ரொம்பப் பெரிய நம்பர். பென்டியம் 2, 3 வந்தப்போ லூப் சுத்தின வேகத்துல விடை டப்பாவுக்கு மேல வழிஞ்சிடுச்சு. இன்டெல் பிராசசருக்கு "விடை பெருசா இருக்கு"ன்னு தனியாச் சொல்லத் தெரியாது. வகுத்தல்ல என்ன தகராறுன்னாலும் பூஜ்யத்தால வகுத்ததுக்கு அடிக்கிற அதே மணியைத்தான் அடிக்கும். அதனாலதான் 200. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பாஸ்கல் புரோகிராம் இப்படி நின்னுபோச்சு. இஎக்ஸ்இ-க்கு ஒட்டுப் போடற சின்ன சின்ன கருவிகள் அப்பவே இன்டர்நெட்ல வந்துடுச்சு. ஆனா எங்க மண்டியில இன்டர்நெட் ஏது?

அதாவது, புரோகிராம்ல கோளாறு இல்ல. அப்பா வாங்கின கம்ப்யூட்டர் வேகம் ஜாஸ்தி. கேவிஎம்மும் அதையேதான் பண்ணிச்சு. அது உங்க நிஜ பிராசசரையே உள்ளே கடன் கொடுக்கும். பென்டியம் 3-க்கே தாங்காதது என் லேப்டாப்புக்குத் தாங்குமா?

இங்கதான் டாஸ்பாக்ஸ். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாஸ்பாக்ஸ்', முடிஞ்சது. காலேஜ்ல டர்போ சி நீலத்திரையில சி படிச்சவங்களுக்கு இது பழைய சிநேகிதம்தான். இது பிராசசரைக் கடன் வாங்காது. ஒவ்வொரு கட்டளையையும் தானே படிச்சு, தானே நடிச்சுக் காட்டும். எவ்வளவு வேகமா நடிக்கணும்னு நாம சொல்லலாம். அதுக்குப் பேர் சைக்கிள்ஸ், ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை கட்டளைன்னு அர்த்தம். இந்த மாதிரி புரோகிராமுக்கு அதுவா எடுத்துக்கிற அளவு 3000. கன்ட்ரோல் எஃப்11 அடிச்சா குறையும், எஃப்12 அடிச்சா கூடும். நான் 386 மாதிரி இருக்கட்டும்னு 6000 வெச்சேன்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, 'மவுன்ட் சி'ன்னு போடும்போது உங்க ஹோம் ஃபோல்டர் முழுசையும் கொடுக்காதீங்க. தனியா ஒரு ஃபோல்டர் போட்டு, இமேஜ்ல இருந்து காப்பி பண்ணி வைங்க. உள்ளே ஓடற புரோகிராம் நிஜமாவே அந்த ஃபைல்ல எழுதும். ரெண்டு, ஜன்னல் குட்டியா வரும். கான்ஃபிக் ஃபைல்ல 'அவுட்புட்' இருக்கிற இடத்துல 'ஓப்பன்ஜிஎல்' போட்டு, 'விண்டோரெசல்யூஷன்' 1280x960-ன்னு கொடுங்க. 'சர்ஃபேஸ்'னு விட்டா அளவு மாறாது. அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன் ஆனதால நான் இதுக்குத்தான் அதிக நேரம் செலவழிச்சேன்.

ஓட்டினேன். நீலத்திரை, மஞ்சள் எழுத்து. தமிழைத்தான் ஆங்கில எழுத்துல அடிச்சிருக்கார்: வரவு, பற்று, பாக்கி. அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்தார். பாக்கி லிஸ்ட் திறந்ததும் ஒவ்வொரு பேரா வாய்க்குள்ள படிச்சார். கெட்டுப்போன செக்டார் இருந்த இடத்துல நாலஞ்சு பேர் குப்பையா வந்தது. மத்ததெல்லாம் பைசா சுத்தமா இருந்தது.

காரணத்தை அவருக்கு விளக்கினேன். டப்பா, தட்டு, 65,535 எல்லாம். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப நான் வாங்குன மெஷின்தான் கோளாறா?"ன்னார். கோளாறு இல்லப்பா, வேகம்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்க சித்தப்பாவுக்குப் போன் போடு"ன்னார்.

போன்ல நான்தான் முதல்ல சொன்னேன். சித்தப்பா பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தா, மெதுவா ஒரு கேள்வி: "சிஆர்டி யூனிட்டா? ஒருத்தன் பாக்கி தீர்ந்தா ரெண்டு மணி அடிக்கிற மாதிரி வெச்சிருப்பேன். அதுக்குத்தான் அதைச் சேர்த்தேன். இப்பவும் அடிக்குதா?"

எனக்குத் தெரியல. அப்பா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். லிஸ்ட்ல மூணாவது பேர். "இவரு போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சுடா"ன்னு ஸ்பீக்கர் போனைப் பார்த்துச் சொன்னார். வரவுல முழுத் தொகையையும் அடிச்சு என்டர் தட்டினார்.

டிங், டிங்.

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அடுத்த அரை மணி நேரம் என் போன் எனக்குக் கிடைக்கல. அப்பா வரிசையா ஆறு பேரோட பாக்கியைத் தீர்த்தார். காப்பி ஃபைல்தான், இமேஜ்ல எல்லாப் பாக்கியும் அப்படியே இருக்கு.