புரோச்சின் முதுகுப்பக்கம்

கவரிங் நகை என்றால் நம்மில் பலருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அடகுக் கடையில் ஏறாது, சீர்வரிசையில் சேராது. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கவரிங்கைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் விசாரிப்பது நகையின் வயதை. அந்த வயதைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை.

உடையில் குத்திக்கொள்ளும் புரோச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பாட்டி போட்டிருந்தது, 1920" என்கிறார் விற்பவர். பாட்டியை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, புரோச்சைக் குப்புறத் திருப்ப வேண்டும். ஊசி வெறும் கம்பிக் கொக்கியில் மாட்டி, விளிம்புக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம். கொக்கியின் வாயைச் சுழன்று மூடும் பூட்டு இருந்தால் 20ஆம் நூற்றாண்டு. அதோடு முடிவு கட்டிவிடவும் கூடாது. ஊசி உடைந்து, யாரோ பொடி வைத்து ஊதிப் புதுசு மாட்டியிருக்கலாம். அந்த ஒட்டு லென்ஸில் தெரியும்.

எனக்குப் பிடித்த சாட்சி, நாட்டின் பெயர். இறக்குமதிச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதனால் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று பொறித்த நகை 1918க்கு முன் பிறந்திருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'ஆக்கிரமிப்பு ஜப்பான்' என்றால் 1945 முதல் 1952 வரை, ஏழே வருஷம். தோற்ற தேசத்தின் கதையைக் காதில் மாட்டிக்கொண்டு எத்தனை பெண்கள் விருந்துக்குப் போயிருப்பார்கள்!

இரண்டாம் உலகப் போர் இன்னொரு வேடிக்கை செய்தது. வெள்ளீயம் போன்ற உலோகங்களை ராணுவம் எடுத்துக்கொண்டதால், அமெரிக்காவில் ட்ரிஃபாரி, கோரோ போன்ற நிறுவனங்கள் வெள்ளியில் நகை செய்து தங்க முலாம் பூசின. மலிவான உலோகம் கிடைக்காமல் போலி நகை அசல் வெள்ளியாகிவிட்டது! முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி தெரிந்து, பின்னால் வெள்ளியைக் குறிக்கும் 'ஸ்டெர்லிங்' முத்திரையும் இருந்தால், சேகரிப்பவரின் மனம் உடனே 1940களுக்குத் தாவும்.

வட்டத்துக்குள் 'சி' எழுத்து, அதாவது காப்புரிமைக் குறி, தெரிந்தால் கணக்கு 1955க்குப் பிந்தியது. அந்த வருஷம்தான் கவரிங் நகையும் கலைப்படைப்பே, காப்புரிமைக்கு உரியதே என்று ட்ரிஃபாரி தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரில் எண்ணெய் மிதப்பது போல வானவில் அடிக்கும் ஸ்வரோவ்ஸ்கி கற்களும் 1950களின் நடுவில் வந்தவை. ஆக, நகையின் உறுப்புகளில் எது மிக இளையதோ அதுதான் வயதைச் சொல்லும். 1920 என்று சொன்ன புரோச்சில் இப்படி ஒரு கல் இருந்தால், அது பின்னால் மாற்றிய கல், இல்லையென்றால் பாட்டி கதை பொய்.

காதணி சுலபம். காது குத்துவதை மேல்நாட்டார் நாகரிகக் குறைவாக நினைத்த காலத்தில் திருகி இறுக்கும் தோடு பரவியது. 1930களில் கவ்வும் கிளிப் வந்தது. காது குத்துக்கு மொய் எழுதும் நமக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

இந்தக் கலையில் எனக்கு ஒரு குறை உண்டு. முத்திரை மோகம். அமெரிக்க நகைத் தயாரிப்பாளர் மிரியம் ஹாஸ்கெலின் ஆரம்பகால நகைகளில் பெயரே கிடையாது. முத்துகளையும் மணிகளையும் கம்பியில் கையால் கோத்த அந்த வேலைப்பாட்டைப் பார்க்கத் தெரியாதவர், பெயரைத் தேடிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். முத்திரையைப் போலியாக அடிப்பது எளிது. அந்தக் கைவேலையைப் போலி செய்வது கடினம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் பழைய கண்ணாடிக்கல் நகை ஏதாவது இருந்தால், பளபளப்பாக்குகிறேன் என்று தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கல்லுக்கு ஒளி தருவது அதன் பின்னாலுள்ள மெல்லிய பூச்சு. ஈரம் புகுந்தால் அது கறுத்துவிடும். கறுத்த கல் மறுபடி மின்னாது.