பிரிந்த பிறகு சேமலாபப் பணம்: யாரிடம் கேட்பது?



கணவன் மனைவி பிரிந்தால் பிள்ளை யாரிடம், லயக்காம்பிரா யாருக்கு என்று ஊரே பேசும். வயசான காலத்துப் பணத்தை மட்டும் யாரும் பேசுறதில்லை.

ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுத்து ஆறு வருஷம். சேமலாப நிதிப் பத்திரத்தில் பின்னுரித்தாளி இன்னும் பழைய கணவர்தான்! அக்காவுக்கு ஏதும் நடந்தால் பத்திரத்தில் பெயருள்ளவரைத்தான் முதலில் தேடுவார்கள். பிள்ளைகள் பெயருக்குப் புதுப் பத்திரம் நிரப்பினோம்.

உங்கள் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் 12 வீதம் சேமலாப நிதிக்குப் போகிறது. நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் கட்டுகிறது. சேமலாபத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். சேவைக்காலப் பணம் நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருஷம் என்றால் 280 நாள்.

பணம் வரப்போகுது என்றதும் ஆலோசனை சொல்ல ஆள் வரும். கூடுதல் வட்டி என்கிற முகவருக்குத் தரகு உண்டு. தம்பிக்கு முச்சக்கர வண்டி ஆசை. கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கு. தொழில் அலுவலகத்தாருக்கு உங்கள் பணத்தில் தரகு இல்லை. வழக்கு, ஜீவனாம்சம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவருக்கு அங்கே இலவசம். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு.

போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி கொண்டு போங்க. அட்டையிலும் சீட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கா என்று இன்றைக்கு ராத்திரியே பாருங்க.