‘உங்க’ என்னும் சொல்

பத்தாம் ஆண்டு விழாவில் தமிழாசிரியை ஒருத்தி வணிகமும் தொழில்நுட்பமும் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். மக்களிடையே தங்கி, அவர்தம் வாழ்வைக் கண்டும் கேட்டும் எழுதும் துறையை இனவரைவியல் என்கிறோம். திணைதோறும் உணவும் பறையும் தொழிலும் வகுத்த மரபில் வந்த நமக்கு அது அயலானதன்று.

தமிழகத்தில் அத்துறை ஆட்சியாளர் நிழலில் வளர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அளக்கப்பட்டவரின் குரலை அவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பின்னர் வணிக நிறுவனங்களும் இத்துறையை நாடின. அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சக்மன், நகலெடுக்கும் பொறியின் முன் மனிதர் தடுமாறுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மனிதர் செயல்படும் முறை பற்றிப் பொறியை வடித்தவர் கொண்டிருந்த எண்ணமே பிழை என்பதை 1987இல் வெளிவந்த அவரது நூல் காட்டிற்று. நோக்கியாவின் ஆய்வாளர் ஜான் சிப்சேஸ், உகாண்டாவில் ஒரே கைபேசியைப் பலர் பகிர்வதைக் கண்டெழுதினார். 2007இல் வந்த நோக்கியா 1200இல், பகிர்ந்துகொள்வோர்க்குத் தனித்தனி எண்பட்டியல்கள் இருந்தன.

இனி என் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்குழு, போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் பெண்களைக் காண வந்தது. கூலிக்கணக்கைக் கைபேசிக்கே அனுப்புவது அவர்கள் திட்டம். மொழிபெயர்க்க என்னை அழைத்தனர். “உங்ககிட்ட போன் இருக்காம்மா?” என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் “இருக்கு டீச்சர்” என்றனர். ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் அவர்களுள் ஒருவர், காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கூலியில் கொஞ்சம் மகனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுவதாகத் தணிந்த குரலில் சொன்னார். பேச்சுவாக்கில், போன் எங்கே என்றேன்.

“அது மகன்கிட்ட. ராத்திரி அவன் வரும்போது அதுவும் வரும்.”

நான் மரியாதைக்காகச் சொன்ன ‘உங்க’ அவர் செவியில் பன்மையாக விழுந்திருக்கிறது. வீட்டுக்காக அவர் விடை சொல்லியிருக்கிறார். மரியாதைப் பன்மை என்று கரும்பலகையில் எத்தனை ஆண்டுகள் எழுதியவள் நான்! திட்டம் நிறைவேறினால் தாயின் கூலிக்கணக்கு முதலில் மகன் கைக்கல்லவா போகும்? அந்தச் சீட்டு என்னாகும்?

பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பும் பேருந்தில் கேள்வியைத் திருத்தினேன். மறுநாள், “பகல்ல போன் யாரு கையில இருக்கும்?” என்று கேட்டோம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். மகன் என்றார் ஒருவர்; வீட்டுக்காரர் என்றார் இன்னொருவர்; “யாரு முதல்ல எடுக்குறாகளோ அவுக” என்றார் ஒரு மூதாட்டி. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.