98ஆவது நிமிடமும் ஒரு முழங்காலும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் பழம்பெருமையைப் பேசுவது வழக்கம். அதைச் செவ்வனே செய்யக்கூடிய மூத்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எம்மிடம் பெண்பிள்ளைகளின் விளையாட்டும் உடல்நலமும் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். ஆகவே நாம் ஓர் உதைபந்தாட்டக்காரியின் கதையைச் சொல்லப் போகிறோம். அவர் பெயர் நியா கூன்ஸர். ஜேர்மன் அணியின் பின்கள வீராங்கனை.

அவர் கதைக்கு முன் அவருடைய நாட்டின் கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம், பெண்கள் அணிகளுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று தன் கழகங்களுக்குத் தடை விதித்தது. இந்த விளையாட்டு பெண்ணின் உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு, நளினத்தைக் கெடுக்கும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். தடை 1970இல்தான் நீங்கியது. நீங்கிய பின்னரும் பெண்களுக்கு ஆட்டநேரம் 60 நிமிடங்கள்தான். குளிர்காலத்தில் ஆடக்கூடாது, ஆணி வைத்த சப்பாத்துப் போடக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள். 1989இல் ஜேர்மன் பெண்கள் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது, சங்கம் அவர்களுக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு கோப்பி குடிக்கும் பீங்கான் செற். வென்றாலும் குசினியை மறக்காதே என்று சொல்லிக் கொடுத்தது போல இருந்தது.

கூன்ஸர் 1980இல் ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் பிறந்தவர். பெற்றோர் அங்கே அபிவிருத்திப் பணியில் இருந்தார்கள். அவருடைய நடுப்பெயர் ட்சொலோஃபெலோ. அந்நாட்டு மொழியில் அதற்கு 'நம்பிக்கை' என்று பொருள். ஜேர்மனிக்குத் திரும்பிய குடும்பம் வெட்ஸ்லார் நகரில் வாழ்ந்தது. வளர்ப்புச் சகோதரங்கள் பலரோடு அவர் வளர்ந்தார். பின்னர் பிராங்பேர்ட் கழகத்தில் சேர்ந்தார். அந்தக் கழகத்தோடு ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணத்தை 2002, 2006, 2008 என மூன்று தடவை வென்றார்.

இனி அந்த 98ஆவது நிமிடம். 2003 உலகக் கிண்ணம் சீனாவில் நடக்க இருந்தது. சார்ஸ் நோய் பரவியதால் அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. ஒக்ரோபர் 12ஆம் திகதி, கலிபோர்னியாவின் கார்சன் நகரில் இறுதியாட்டம். எதிரணி சுவீடன். முதற்பாதியில் சுவீடன் முந்தியது. இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே மாரென் மைநெர்ட் ஒரு கோலைத் திருப்பினார். 88ஆவது நிமிடத்தில் கூன்ஸர் மாற்று வீராங்கனையாக உள்ளே வந்தார். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. அக்காலத்தில் மேலதிக நேரத்தில் யார் முதலில் கோல் போடுகிறாரோ அந்த அணிக்கே வெற்றி; அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். ரெனாட்டே லிங்கோர் அடித்த பந்து உயர்ந்து வந்தது. கூன்ஸர் எழும்பித் தலையால் முட்டினார். கோல்! பத்து நிமிடம் விளையாடிய ஒரு பின்கள வீராங்கனை தன் நாட்டுக்கு முதலாவது பெண்கள் உலகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். ஜேர்மனியில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நேயர்கள் வாக்களித்துத் தெரியும் 'ஆண்டின் சிறந்த கோல்' விருது அவ்வருடம் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குப் போனது. கோப்பி செற்றுக்கும் அந்த விருதுக்கும் இடையே 14 வருடங்கள்தான்.

ஆனால், வைத்தியர்களாகிய நாம் இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம் அந்தக் கோல் அல்ல, முழங்கால். கூன்ஸருக்கு முழங்காலின் சிலுவை நார் நான்கு தடவை அறுந்தது. அவரோடு ஒரே கழகத்திலும் ஒரே தேசிய அணியிலும் ஆடிய பிர்கிட் பிரின்ஸ் நாட்டுக்காக 214 ஆட்டங்கள் ஆடினார். கூன்ஸர் ஆடியவை 34 மட்டுமே.

சிலுவை நார் என்பது முழங்கால் மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைக்கும் கயிறு போன்ற நார். யாரும் வந்து மோதித்தான் அது அறும் என்றில்லை. துள்ளிக் கீழிறங்கும்போதும், ஓடிவந்து சடுதியாகத் திரும்பும்போதும் முழங்கால் உட்பக்கமாகச் சாய்ந்தால் போதும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக நேர்கிறது. எமது பிள்ளைகள் ஆசையோடு ஆடும் வலைப்பந்தாட்டம் முழுவதுமே துள்ளலும் சடுதி நிறுத்தமும்தான். அறுந்த நாருக்குச் சத்திரசிகிச்சை செய்தால், மறுபடி மைதானத்தில் இறங்க ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை இயன்மருத்துவரோடு பாடுபட வேண்டும்.

இங்கேதான் ஜேர்மனியின் 1955ஆம் ஆண்டு எமது வீடுகளுக்குள்ளும் வந்து உட்காருகிறது. மகனுக்குக் கால் முறிந்தால், "எப்ப திரும்ப விளையாடலாம், டொக்டர்?" என்று கேட்கிறோம். மகளுக்கு முழங்கால் வீங்கினால், "இனி விளையாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ, டொக்டர். ஓஎல் சோதினையும் வருது" என்கிறோம். காயம் ஒரு சாட்டு. அன்புதான் அப்படிப் பேச வைக்கிறது என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் மூடிய கதவைத் திரும்பத் திறக்க எந்தப் பிள்ளையாலும் தனியே முடிவதில்லை.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான உதைபந்தாட்டச் சிறுமிகளிடையே நடந்த பெரிய ஆய்வொன்று 2008இல் வெளியானது. ஆட்டத்துக்கு முன் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டம், கால் தசைக்கும் இடுப்புக்கும் பலம், ஒற்றைக் காலில் சமநிலை, முழங்காலை நேராக வைத்துத் துள்ளி இறங்குதல் ஆகியவற்றைப் பழகிய அணிகளில் பாரிய காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பந்தும், பழக்கிவிட ஒரு ஆசிரியரும் போதும்.

கூன்ஸர் 2008இல் ஓய்வு பெற்றார். கல்வியியல் படித்தவர். கீஸன் பிராந்திய நிர்வாகத்தில் அகதிகளாக வந்து சேர்பவர்களுக்கான பணியில் இருந்தார். அந்தப் பணியின் அருமை இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன எம் சகோதரிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராகவும் இருந்தார். 2024 ஜனவரி முதல் ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தில் பெண்கள் பிரிவின் விளையாட்டுப் பணிப்பாளர். ஆம், ஒரு காலத்தில் பெண்களுக்கு மைதானத்தைப் பூட்டிய அதே சங்கத்தில்தான்.

சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் எமது சங்கம் எத்தனையோ நற்பணிகளைச் செய்யும். அவற்றோடு இரண்டைச் சேர்த்துக்கொள்வோம். எமது பாடசாலையின் ஒவ்வொரு அணியும் அந்த 20 நிமிடத்தைப் பழகட்டும். காயப்பட்ட ஒவ்வொரு பிள்ளையிடமும், "எப்ப திரும்ப விளையாடப் போறாய்?" என்ற கேள்வியை முதலில் நாமே கேட்போம்.