கணக்கேடும் கணிப்பொறியும்

ஒரு காலத்தில் ஊர் நிலக் கணக்கு கர்ணத்தின் வீட்டில் கட்டுக்கட்டாய்க் கிடந்தது. அதைக் காண நம் முன்னோர் அவர் வாயிலில் கைகட்டி நின்றனர். 1980-இல் தமிழக அரசு அப்பதவியையே ஒழித்தது. இன்றோ கணக்குகள் கணிப்பொறியில் ஏறிவிட்டன. புல எண்ணும் உட்பிரிவும் அறிந்தால், பட்டாவையும் அ-பதிவேட்டையும் இணையத்தில் நாமே காணலாம்.

ஆயினும், கணிப்பொறி தானாக உண்மை அறியாது; ஏற்றியதையே காட்டும். 1892-இல் ஆங்கிலேய அரசு நம்மவர்க்கென ஒதுக்க முன்வந்த பஞ்சமி நிலம் ஏட்டில் பிறர் பெயருக்கு மாறியிருப்பின், அம்மாற்றமும் அப்படியே திரையில் தோன்றும்.

ஆதலின் இளைஞர்களே, நம் ஊர்ப் புல எண்களைத் தேடுவோம். வீட்டிலுள்ள பழைய ஒப்படைப் பட்டாக்களோடு ஒப்பிடுவோம். வேறுபாடு கண்டால் எழுத்து மூலம் முறையிடுவோம். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.