பெயர் உண்டு, கல்லறை இல்லை

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



போர்களைப் பற்றிப் பேசுவோர் தளபதிகளின் பெயர்களை அடுக்குவது வழக்கம். நான் இன்று பேச எழுந்தது, 1915 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் நாள் பிரான்சு தேசத்து நெவ் சப்பல் என்னும் சிற்றூரில் மாண்ட ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றி. கபர் சிங் நேகி என்பது அவன் பெயர். இருபது வயது நிரம்பாத பிள்ளையாதலால் 'அவன்' என்கிறேன். மரியாதைக் குறைவாக எவரும் கொள்ளற்க.

இமயமலைச் சாரலிலே, தெஹ்ரி கார்வால் சமஸ்தானத்தில், சம்பா என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கிராமத்தில் 1895 ஏப்ரல் 21 இல் அவன் பிறந்தான். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன்செய்த துண்டு நிலங்களே அங்குள்ள வயல்கள். ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் வலு அந்த மண்ணுக்கு இல்லை. ஆகவே ஆண்கள் மலையிறங்கிப் பட்டாளத்திற் சேர்வர். உழவு நீங்கலாக ஏனைய வயல்வேலை அனைத்தும் பெண்கள் தலையில் விழும். காசுக்கட்டளையை எதிர்பார்த்து வாழ்ந்த வீடுகளை அறிந்த உங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1913 ஒக்டோபரில் அவன் 39 ஆவது கார்வால் றைபிள்ஸ் படையின் இரண்டாம் பட்டாலியனிற் சேர்ந்தான். அந்நாளில் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் பதினொரு ரூபா. சேர்ந்து ஓராண்டு ஆகுமுன்னே ஐரோப்பாவில் போர் மூண்டது. அந்தப் போரை அறிவித்தவர்கள் அவனையோ அவன் கிராமத்தையோ ஒரு சொல் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு வாக்குரிமையும் இருந்ததில்லை. 1914 ஒக்டோபரில் அவனுடைய பட்டாலியன் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. குளிர்காலத்தை எதிர்நோக்கிய இந்தியப் படைகளுக்கு அப்போது தகுந்த உடைதானும் போதிய அளவில் இருக்கவில்லை.

இனி, நெவ் சப்பல். காலை ஏழரை மணிக்குத் தொடங்கிய பீரங்கி மழை முப்பத்தைந்து நிமிடம் பொழிந்து ஓய்ந்ததும் காலாட்படை எழுந்து பாய்ந்தது. தாக்கியவர்களிற் சரிபாதியினர் இந்தியப் படையினர். பதுங்குகுழி என்பது நேர்வாய்க்கால் அன்று. ஒரு குண்டு விழுந்தால் முழுக் குழியும் அழியாதிருக்கும் பொருட்டு, அடிக்கடி மண்சுவரிட்டு வளைத்து வெட்டப்பட்டிருக்கும். வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார், எத்தனை பேர் என்பது இப்பாலுள்ளவனுக்குத் தெரியாது. முதலில் திரும்புபவன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. துவக்குச்சனியனும் கைக்குண்டும் ஏந்திய சிறு குழுவொன்று செர்மானியரின் பிரதான குழிக்குள் இறங்கிற்று. ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆளாகத் திரும்பியவன் கபர் சிங். எதிரிகள் பின்னடைந்து பின்னடைந்து இறுதியிற் சரணடைந்தனர். அந்தச் சண்டையிலேயே அவன் மாண்டான். இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

நான்கு நாட் சண்டையில் பிரித்தானிய, இந்தியப் படைகள் இழந்தோர், காயமுற்றோரையும் சேர்த்து, பன்னீராயிரம் பேர் வரையில். அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரத்து இருநூறு பேர் இந்தியர். கைப்பற்றிய நிலத்தின் ஆழம் இரண்டு கிலோமீற்றர் வரையில். இரண்டு கார்வால் பட்டாலியன்களிலும் ஆள் குறைந்து போனமையால் அடுத்த மாதம் அவற்றை ஒன்றாக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 28 ஆந் திகதி வர்த்தமானியில் அவனுக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்ட செய்தி வெளிவந்தது. உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. 1927 இல் நெவ் சப்பலில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், 4,700 இற்கு மேற்பட்ட பெயர்களுள் ஒன்றாக அவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. இளம் வயதிலே கைம்பெண்ணான அவன் மனைவி மறுமணம் செய்யாது வாழ்ந்தார் என்றும், பதக்கத்தைப் பெட்டியிற் பூட்டிவைக்காது தம் மார்பிலேயே அணிந்திருந்தார் என்றும் சொல்வர். எனக்கு அந்தப் போரின் எல்லாப் படங்களிலும் இந்த ஒன்றே கண்முன் நிற்கிறது.

கூலிக்குப் போனவன் என்று இவனை இகழ்வார் உளர். பேரரசின் வீரன் என்று புகழ்வாரும் உளர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. வயல் போதாமையாற் பட்டாளத்திற் சேர்ந்தான். சேர்ந்த இடத்தில் தோழர்களை முன்னே விட்டுத் தான் பின்னே நிற்கவில்லை. இதில் இகழ என்ன இருக்கிறது? ஆனால் அவன் வீரத்தைக் காட்டி அவனை அங்கே அனுப்பியவர்கள் நியாயம் தேடுவார்களாயின், அதற்கு நாம் இடங்கொடுத்தலாகாது. போர் முடிந்ததும் இந்தியாவுக்குக் கிடைத்தது என்ன? 1919 இல் றௌலட் சட்டம். அதே ஆண்டு ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

அதே படையின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்த தர்வான் சிங் நேகியும் 1914 இல் அதே பதக்கம் பெற்றவர், உயிரோடு திரும்பியவர். என்ன வேண்டும் என்று கேட்டபோது கர்ணபிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றாராம். ஆசிரியர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள், அதனாற் சொன்னேன்.

கபர் சிங்கின் பட்டாலியன் 1922 இற்குப் பின் 18 ஆவது றோயல் கார்வால் றைபிள்ஸின் இரண்டாம் பட்டாலியன் என வழங்கிற்று. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் நகரில், ஆயுதமற்ற மக்கள் கூட்டத்தின்மீது சுடுமாறு அந்தப் பட்டாலியனுக்குக் கட்டளை பிறந்தது. சந்திர சிங் என்னும் ஹவில்தாரும் அவருடன் நின்றவர்களும் சுட மறுத்தனர். அவரும் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை. முதற் போரிற் பிரான்சுக்குச் சென்று மீண்டவர். இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுட்சிறை விதித்தது. 1941 இலேதான் சிறைக்கதவு திறந்தது.

சம்பாவில் கபர் சிங்குக்கு 1925 இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தின் முன்னே ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடைபெறுகிறது. அவர்களுடைய பைசாக மாதம் எட்டாம் நாள். நமக்கு அது சித்திரை.